ப்ராங்கோஸ்கோப்பி நடக்கும்போது சாச்சுரேஷன் விழுந்தால் எங்கே பார்ப்பது?

திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று விடிகாலை பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் நம் பக்கத்து ப்ராங்கோஸ்கோப்பி அறைகளில் பெரும்பாலும் படுத்திருப்பார்கள். பல வருடம் பீடி குடித்தவர், ரைஸ் மில் தூசியில் வேலை பார்த்தவர், சளியில் காசநோய்க் கிருமி தெரியாமல் மருத்துவர் சந்தேகத்தோடு அனுப்பியவர், நிலக்கடலையை மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொண்ட குழந்தை. "உள்ளே கேமரா விட்டுப் பார்க்கணுமாம், மூச்சு நின்னுடாதே சிஸ்டர்?" என்று உடன் வந்தவர் கேட்பது நியாயமான கேள்வி. மூச்சு போகிற வழியிலேயே ஒரு குழாயை நுழைக்கிறோம். காற்றுக்கு இடம் குறையத்தான் செய்யும்.

இது நோயாளியின் தலைமாட்டில் நிற்பவர்களுக்காக எழுதுவது: ஸ்டாஃப் நர்ஸ், தியேட்டர் டெக்னீஷியன், புதிதாக வந்த பயிற்சி மருத்துவர். ஸ்கோப் பிடித்திருப்பவர் திரையைப் பார்ப்பார். ஆளைப் பார்ப்பது நம் வேலை. மருந்தும் அளவும் பொறுப்பு மருத்துவர் சொல்கிறபடிதான். எதை எந்த வரிசையில் பார்ப்பது என்பது மட்டும்தான் இங்கே.

சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று மானிட்டர் காட்டும் எண், இறங்கியதும் எல்லோர் கையும் ஆக்சிஜன் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ மீட்டர் குமிழுக்குப் போகும். போகட்டும், ஏற்றுவதில் தப்பில்லை. ஏற்றிவிட்டு மானிட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பதுதான் தப்பு. மேட்டூரில் எவ்வளவு திறந்தாலும் நடுவில் மதகு அடைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. ஆக்சிஜனுக்கும் அதே கணக்கு. சுவரிலிருந்து நுரையீரல் வரை எங்கே அடைத்திருக்கிறது என்று தேட வேண்டும். முதலில் ஆளைப் பாருங்கள்: நெஞ்சு ஏறி இறங்குகிறதா, உதடு என்ன நிறம், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா. அப்புறம் முகத்திலிருந்து சுவர் வரை ட்யூபைப் பின்தொடருங்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2013 வழிகாட்டி ஒரு அளவு சொல்கிறது: சாச்சுரேஷன் 4 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி, அல்லது 90-க்குக் கீழே போய், ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே இருந்தால் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் தொடக்கத்திலிருந்தே 2 லிட்டராவது போட்டுவிடுகிறோம். அது சரிதான், ஆனால் அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஸ்கோப் தொடும் முன்பே எண் குறைவாகக் காட்டுகிறது

விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் ப்ரோபில் தொடங்குங்கள். அலை ஒழுங்காக ஓடாமல் எண் மட்டும் காட்டினால் அந்த எண்ணை நம்பாதீர்கள். ஏ.சி. அறையில் காத்திருந்த வயதானவரின் விரல் சில்லிட்டிருக்கும், மார்கழி தையில் கேட்கவே வேண்டாம். கையைத் தேய்த்துச் சூடாக்கிப் பாருங்கள், அல்லது காது மடலுக்கு மாற்றுங்கள். பி.பி. கஃப் கட்டிய கையிலேயே ப்ரோபையும் மாட்டியிருந்தால் கஃப் இறுகும் ஒவ்வொரு முறையும் எண் காணாமல் போகும். அடர்ந்த நெயில் பாலிஷ் இருந்தால் அழித்துவிடுங்கள். கல்யாண வீட்டிலிருந்து வந்த விரலில் கருப்பு மெஹந்தி இருந்தால் அந்த விரலை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

அலையும் நன்றாக இருந்து எண் 89, 90 என்று நின்றால் பழைய சீட்டைப் புரட்டுங்கள். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் உள்ளவருக்கு அதுவே வீட்டு எண்ணாக இருக்கலாம். கார்பன்-டை-ஆக்சைடு உடம்பில் தேங்கும் வாய்ப்புள்ளவருக்கு இலக்கு 88 முதல் 92. மற்றவர்களுக்கு 94 முதல் 98. சி.ஓ.பி.டி. உள்ளவருக்கு 99 வரவேண்டும் என்று அடம்பிடித்தால் கார்பன்-டை-ஆக்சைடு தேங்கி அவர் தூங்கிப்போவார், நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம்.

இப்படிப்பட்டவருக்கு, ஆக்சிஜன் சதவீதத்தைக் கணக்காகத் தரும் வென்சுரி மாஸ்க் நல்லது. அதன் வால்வு நிறம் நீலம் என்றால் 24 சதவீதம், வெள்ளை 28, ஆரஞ்சு 31, மஞ்சள் 35, சிவப்பு 40, பச்சை 60. ஒவ்வொன்றிலும் எத்தனை லிட்டர் வைக்க வேண்டும் என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கும். சதவீதம் கூட வேண்டுமென்றால் வால்வை மாற்ற வேண்டும்; லிட்டரை மட்டும் ஏற்றிச் சதவீதத்தைக் கூட்ட முடியாது. குளிர்கிறது என்று போர்வையை இழுத்து வால்வின் ஓட்டைகளை மூடிவிட்டால் கணக்கே மாறிவிடும்.

ஃப்ளோ மீட்டரின் பந்து மேலே நிற்கிறது, நோயாளிக்குக் காற்று வரவில்லை

ப்ராங்ஸை, அதாவது மூக்கில் வைக்கும் இரட்டை முனைக் குழாயை, உங்கள் கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். காற்று படவில்லை என்றால் பின்னோக்கிப் போக வேண்டியதுதான்.

ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டிலில் குமிழி வருகிறதா? பந்து 5-இல் நிற்கும், தண்ணீரில் ஒரு குமிழியும் இருக்காது. அப்படியானால் ஃப்ளோ மீட்டரோடு பாட்டிலை இணைக்கும் மரை சரியாக ஏறவில்லை. ஆக்சிஜன் தண்ணீரை எட்டும் முன்பே இணைப்பு ஓரமாக அறைக்குள் போகிறது. அவசரத்தில் மாட்டும்போது மரை சாய்ந்து ஏறுவது சாதாரணமாக நடக்கும். பார்ப்பதற்கு இறுகிய மாதிரியே இருக்கும், சுற்றவும் வராது. கழற்றி, முதலில் எதிர்ப்பக்கம் அரைச் சுற்று சுற்றி, மரை 'டக்' என்று உட்கார்ந்ததும் இறுக்கினால் சரியாகிவிடும். சோதனை சுலபம்: நோயாளி பக்கத்து ட்யூபை மடித்துப் பிடியுங்கள். பாதுகாப்பு வால்வு உள்ள பாட்டில் விசிலடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் எங்கோ கசிகிறது.

குமிழி வருகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் பாட்டில் மூடி கசியலாம், அல்லது ட்யூப் மடங்கியிருக்கும். இந்த அறையில் ட்யூப் மடங்க வழக்கமான இடம் மேசையின் தலைப்பக்கக் கீல். நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைக்க மேசையை ஏற்றும்போது கீல் ட்யூபைக் கவ்விக்கொள்ளும். அடுத்தது ஸ்கோப் ஸ்டாண்டின் சக்கரம்.

சிலிண்டரில் ஓடுகிறதென்றால் கணக்கைத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். நம் பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 10 லிட்டர் தண்ணீர். அழுத்தமானியின் முள் 150 பாரில் இருந்தால் 1,500 லிட்டர் ஆக்சிஜன். முள் 50-க்கு வந்துவிட்டதா, 500 லிட்டர்தான். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் 50 நிமிடம். பெரிய டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். ரெகுலேட்டர் மாட்டிய இடத்தில் 'உஸ்' என்று கேட்டால் வாஷர் போய்விட்டது, வேறு வாஷர் போடுங்கள். அங்கே எண்ணெய், கிரீஸ், தேங்காய் எண்ணெய் தடவிய கை எதுவும் கூடாது. அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்ந்தால் தீப்பிடிக்கும்.

அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டரை நம்பி ப்ராங்கோஸ்கோப்பி தொடங்குவது எனக்கு ஒப்பாத காரியம். 5 லிட்டர் இயந்திரம் 5 லிட்டர்தான் தரும், அதற்குமேல் தேவைப்படும் நிமிடம் வந்தால் கைவிரித்துவிடும். மின்சாரம் போனால் அதுவும் இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு மின்சாரத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்த ஊர்கள் நமது. பக்கத்தில் ஒரு முழு சிலிண்டர், ரெகுலேட்டர் மாட்டி, சாவியோடு நிற்கட்டும்.

மூக்கில் பிராங்ஸ் இருக்கிறது, லிட்டர் ஏற்றினாலும் எண் ஏறவில்லை

பிராங்ஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடும்: 2 லிட்டரில் சுமார் 28, 4-இல் 36, 6-இல் 44. அதற்குமேல் ஏற்றினால் மூக்கு காய்ந்து எரியும், பலன் பெரிதாக இராது. அதனால் 6-இலும் எண் ஏறாவிட்டால் குமிழைத் திருகுவதை விட்டுவிட்டுக் கருவியை மாற்றுங்கள்.

அதற்கு முன் ஸ்கோப் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். மூக்கு வழியாகப் போனால் ஒரு துவாரம் முழுதாக அடைந்துவிட்டது. அந்தப் பக்கத்துப் பிராங் வெளியே தள்ளப்பட்டுக் கன்னத்துக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும். இன்னொரு துவாரத்திலும் சதை வளர்ந்தோ சளி கட்டியோ இருந்தால் உள்ளே எதுவும் போகாது. இப்படிப்பட்டவர் வாயால்தான் மூச்சு விடுவார். பிராங்ஸை அப்படியே கீழிறக்கி வாய்க்கு நேராக வைத்தால் பல நேரம் எண் ஏறிவிடும். ஸ்கோப் வாய் வழியாகப் போகும்போது, பைட் பிளாக்கைக் கடித்தபடி வாயால் இழுப்பவரிடம் "ஐயா, வாயால வேணாம், மூக்கால மெதுவா இழுத்து விடுங்க" என்று காதருகே சொல்லிப் பாருங்கள். மயக்கம் லேசாக இருந்தால் கேட்பார்.

அடுத்த படி மாஸ்க். சாதாரண மாஸ்க்கில் 5 லிட்டருக்குக் கீழே வைக்கவே கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். 5 முதல் 10 லிட்டரில் 35 முதல் 60 சதவீதம் வரை கிடைக்கும். பை வைத்த நான்-ரீபிரீதிங் மாஸ்க்கை 10 முதல் 15 லிட்டரில் வையுங்கள். வால்வை விரலால் அழுத்திப் பையை முதலில் நிரப்பிவிட்டு மாட்ட வேண்டும். ஒவ்வொரு மூச்சிலும் பை சப்பிப்போனால் லிட்டர் போதவில்லை. ஸ்கோப்புக்காக மாஸ்க்கில் கத்தரியால் ஓட்டை போடுகிறவர்கள் உண்டு. ஓட்டை பெரிதானால் வெளிக்காற்று கலந்து சதவீதம் இறங்கும். ஸ்கோப்புக்கென்றே துவாரம் வைத்த மாஸ்க் கிடைத்தால் அதுதான் வசதி.

தொடங்கும் முன்பே ஆக்சிஜன் தேவை அதிகம் உள்ளவருக்கு ஹை ஃப்ளோ கருவி. சூடும் ஈரமும் ஏற்றிய காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தரும், 21 முதல் 100 சதவீதம் வரை வைக்கலாம், வாய் ஸ்கோப்புக்குத் திறந்தே கிடக்கும். ப்ராங்கோஸ்கோப்பியின்போது சாதாரண பிராங்ஸ், மாஸ்க்கைவிட இது சாச்சுரேஷனை நன்றாகத் தாங்குகிறது. ஆனால் இது ஆக்சிஜனைக் குடிக்கும். 60 லிட்டரில் 100 சதவீதம் வைத்தால் பி டைப் சிலிண்டர் 25 நிமிடத்தில் காலி, டி டைப் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. பைப்லைன் இல்லாத அறையில் அதைத் தொடங்காதீர்கள். காசநோய்ச் சந்தேகம் இருந்தால் அறையில் உள்ளவர்கள் எல்லோரும் என்-95 போட்டிருக்க வேண்டும். இது எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

எண் 98, ஆனால் ஆள் சரியில்லை

மேலே சொன்ன வில்லங்கம் இதுதான். கூடுதல் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது மூச்சு மந்தமானாலும் சாச்சுரேஷன் உடனே இறங்காது. மயக்கத்துக்குப் போட்ட மிடாஸோலமும் ஃபென்டனிலும் சேர்ந்து மூச்சை நிமிடத்துக்கு ஆறு, ஏழு என்று இறக்கியிருக்கும், கார்பன்-டை-ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும், மானிட்டர் மட்டும் 98 என்று சாந்தமாக இருக்கும். கடைசியில் விழும்போது மடமடவென்று விழும். அதற்கும் மேலே, விரலில் தெரியும் எண் நுரையீரலில் நடப்பதற்கு 15, 30 நொடி பின்தங்கியது. கை சில்லிட்டிருந்தால் இன்னும் தாமதம்.

அதனால் மயக்க மருந்து போட்ட நோயாளியிடம் ஆக்சிமீட்டரை மூச்சுமானியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெளிவிடும் மூச்சின் கார்பன்-டை-ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் இருந்தால் அதன் அலைதான் முதல் சாட்சி. அலை குட்டையாகிறது, இடைவெளி விடுகிறது என்றால் எண் என்ன சொன்னாலும் அங்கே மூச்சுப் பிரச்சினை. கருவி இல்லாத அறையில் உள்ளங்கையை மேல் வயிற்றில் லேசாக வையுங்கள். மாஸ்க்கின் உள்பக்கம் ஆவி படிந்து படிந்து மறைய வேண்டும். வயிறு மேலே போகும்போது நெஞ்சு உள்ளே போனால் அது மூச்சு இல்லை, அடைத்த தொண்டையோடு நடக்கும் போராட்டம். நாக்கு பின்னால் விழுந்திருக்கிறது.

செய்ய வேண்டியது: பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள், தோளைத் தட்டுங்கள். தாடையின் இரு கோணத்திலும் விரலை வைத்து முன்னோக்கித் தூக்குங்கள். பல தடவை இதிலேயே குறட்டை நின்று மூச்சு திறந்துவிடும். அப்படியும் இல்லையென்றால் ஸ்கோப்பை எடுக்கச் சொல்லி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக். "சார், மூச்சு இல்லை, எடுங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம். மருத்துவர் சொன்னால் மயக்கத்தை முறிக்கும் ஃப்ளூமஸெனிலோ நலோக்ஸோனோ போடுவார்கள். ஃப்ளூமஸெனிலின் வேலை மிடாஸோலத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்; எழுந்து பேசிய நோயாளி வார்டில் மறுபடி மயங்கலாம்.

ஸ்கோப் குரல்வளையைக் கடக்கும்போது விழுகிறது

இருமல் என்றால் மரப்பு போதவில்லை. மரப்பு மருந்தான லிக்னோகெயின் இன்னும் கொஞ்சம் விட்டு, வேலை செய்ய நேரம் கொடுத்தால் தானே ஏறும். கீச்சென்ற சத்தம், அல்லது நெஞ்சு துடித்தும் சத்தமே இல்லை என்றால் குரல்வளை இறுகிவிட்டது. ஸ்கோப் வெளியே வரட்டும். இறுக்கமாக மாஸ்க் பிடித்து 100 சதவீத ஆக்சிஜனோடு அழுத்தம் கொடுத்து, தாடையைத் தூக்கிப் பிடியுங்கள். விடவில்லையென்றால் மயக்க மருத்துவர்தான், மருந்தும் அவர்தான். மூச்சு விடும்போது வீசிங் கேட்டால் வேறு கதை, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால்.

சக்ஷன் போடும்போதெல்லாம் விழுகிறது

சக்ஷன் சளியை மட்டும் இழுப்பதில்லை. நாம் கஷ்டப்பட்டு உள்ளே அனுப்பிய ஆக்சிஜனையும் சேர்த்து இழுக்கிறது. மருத்துவர் சக்ஷன் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால் அந்தப் பக்கத்து நுரையீரல் சுருங்கத் தொடங்கும். சில நொடி, அப்புறம் விட்டுவிட்டு மூச்சுக்கு இடைவெளி. "சார், 91" என்று எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருங்கள். அதைக் கேட்டே கை தளரும்.

உப்புநீர் விட்டுக் கழுவி எடுக்கும்போது இறங்குவது எதிர்பார்த்ததுதான். விட்ட நீரில் ஒரு பகுதி உள்ளே தங்கும். அதனால் பிறகும் சில மணி நேரம் சாச்சுரேஷன் தாழ்வாகவே இருக்கலாம்.

மூச்சுக்குழாயில் போட்ட ட்யூப் வழியாக ஸ்கோப், வென்டிலேட்டர் அலறுகிறது

இது எளிய கணக்கு. 5.7 மி.மீ. ஸ்கோப்பை 9 நம்பர் ட்யூபில் விட்டால் பரப்பளவில் சுமார் 40 சதவீதம் அடையும். 8-இல் பாதி. 7-இல் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஸ்கோப்பைவிட ட்யூப் குறைந்தது 2 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். முன்கூட்டியே 100 சதவீதத்துக்கு ஏற்றி, அலாரம் வரம்பைத் தளர்த்தி, வெளியேறும் மூச்சின் அளவைப் பாருங்கள். அது இறங்கினால் ஸ்கோப்பை எடுத்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே போகும் காற்று வெளியே வர நேரமில்லாமல் தேங்கவும் செய்யும். பி.பி. திடீரென்று விழுந்தால் சர்க்யூட்டைக் கழற்றி ஒரு நீண்ட மூச்சு வெளியேற விடுங்கள். முடிந்ததும் ஆக்சிஜன் சதவீதத்தையும் அலாரத்தையும் பழையபடி வைக்க மறக்கக் கூடாது.

எண் 85-இல் ஒட்டிக்கொண்டது, என்ன கொடுத்தாலும் நகரவில்லை

நெஞ்சு நன்றாக ஏறி இறங்குகிறது, இரு பக்கமும் காற்று கேட்கிறது, 100 சதவீதம் ஓடுகிறது. உதடு மட்டும் நீலம், எண் 85. ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி மாறிய ரத்த நிறமி, மெத்ஹீமோகுளோபின், ஞாபகம் வர வேண்டும். மரப்பு மருந்துகளில் பென்ஸோகெயினும் ப்ரிலோகெயினும் இதற்குப் பேர்போனவை, லிக்னோகெயினால் அபூர்வம், தொழுநோய்க்கான டாப்ஸோன் சாப்பிடுகிறவருக்கு வாய்ப்பு கூடுதல். உறிஞ்சிய ரத்தம் காபிப்பொடி நிறத்தில் இருக்கும், காற்றில் வைத்தாலும் சிவக்காது. மெத்திலீன் ப்ளூ கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. மெதுவாக நரம்பில். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

குழந்தை, நிலக்கடலை, ரிஜிட் (வளையாத) ஸ்கோப்

இது மயக்க மருத்துவர் இல்லாமல் தொடக்கூடாத வேலை. ஸ்கோப்பின் பக்கத் துவாரத்தில்தான் ஆக்சிஜன் சர்க்யூட் மாட்டியிருக்கும். உள்ளே டெலஸ்கோப் இருக்கும்வரை காற்றுக்கு ஒரு சின்ன வளையம்தான் மிச்சம். எண் இறங்கினால் டெலஸ்கோப்பை எடுத்து, பின் வாயை மூடி, பையை அழுத்துவார்கள். நம் கை அந்த மூடியோடு தயாராக இருக்க வேண்டும். பிடித்த கடலை வெளியே வரும் வழியில் நழுவி நடு மூச்சுக்குழாயில் சிக்கினால் இரு பக்கமும் காற்று போகாது. அப்போது வெளியே இழுக்கப் போராடாமல், அதைத் திரும்ப ஒரு பக்கத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மறுபக்க நுரையீரல் உயிரைத் தாங்கும். பார்ப்பவருக்குப் பின்னோக்கிப் போகிற மாதிரி இருக்கும், சரியான காரியம் அதுதான்.

உள்ளே சதையைச் சுடக் காட்டரி அல்லது லேசர் போடப் போகிறார்கள்

இங்கே மட்டும் தலைகீழ். ஆக்சிஜன் சதவீதத்தை 40-க்குக் கீழே இறக்கிய பிறகுதான் தீ. இறக்கியதும் உடனே அல்ல, உள்ளே தேங்கியது வெளியேறச் சற்று நேரம் கொடுத்து. அந்த அளவில் எண் தாங்கவில்லையென்றால் அன்று காட்டரி வேண்டாம் என்று முடிவெடுப்பதே நல்லது.

எல்லாம் முடிந்த பிறகு விழுகிறது

நுரையீரலிலிருந்து சதைத்துணுக்கு எடுத்திருந்தால் முதலில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிவை நினையுங்கள். ஒரு பக்கம் மூச்சுச் சத்தம் குறைவு, நெஞ்சுவலி, படபடப்பு என்றால் எக்ஸ்ரேக்கு ஓடுங்கள். பி.பி.யும் சேர்ந்து விழுந்தால் எக்ஸ்ரேக்காகக் காத்திருக்க வேண்டாம், ஊசி குத்திக் காற்றை வெளியேற்ற மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரத்தம் வருகிறதென்றால் எடுத்த பக்கம் கீழே வருமாறு ஒருக்களித்துப் படுக்கவைத்து, நல்ல நுரையீரலைக் காப்பாற்றுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஆனாலும் வார்டுக்குப் போகும் வழியில் விழுகிறதென்றால் ஸ்ட்ரெச்சரின் காலடியில் இருக்கும் சிலிண்டரைப் பாருங்கள். குமிழைத் திறந்து, சிலிண்டர் சாவியைத் திறக்காமலே தள்ளிக்கொண்டு போவது உண்டு. ரெகுலேட்டரில் மிச்சமிருந்த காற்றில் பந்து சற்று நேரம் நிற்கும். அறையை விட்டுக் கிளம்பும் முன் சாவியைத் திறந்து, முள்ளைப் பார்த்து, ப்ராங்ஸைக் கன்னத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ப்ரோப் விரலிலேயே இருக்கட்டும். தொண்டை மரப்பு போக ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும், அதுவரை "ஒரு வாய் காபி கொடுக்கலாமா?" என்று கேட்கும் உறவினருக்குப் பதில், கூடாது.